செஞ்சியில் ஒரு துருக்கி வில்

சனிக்கிழமை காலை 5.40. கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலை பஸ் ஏறினேன். செஞ்சிக்கு டிக்கெட் நூற்று முப்பத்தைந்து ரூபாய். சித்திரை மாதத்தில் செஞ்சிக்குப் போகிறேன் என்றதும் என் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள். புத்தியுள்ளவர்கள் மார்கழியில் போகிற ஊர் அது. வெயில் காலத்தில் அங்கே பாறையில் கை வைக்க முடியாது. ஆனால் லூர்து போனில் கறாராகச் சொல்லிவிட்டான்.

"வில்லு ரெடிடா வேலு. காயற காலத்துலயே வந்துடு. காத்துல ஈரம் ஏறிச்சின்னா பசை எளகிடும். நீ வந்தாதான் நாண் ஏத்துவேன்."

லூர்து செஞ்சிக் கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். திண்டிவனத்தில் கல்லூரி படித்தபோது நாங்கள் ஒரே விடுதி, ஒரே அறை. ஐந்து வருஷமாக அவன் துருக்கி வில் ஒன்று செய்துகொண்டிருந்தான். எருமைக் கொம்பு, மரம், மாட்டுக்கால் நரம்பு மூன்றையும் மீன் பசையால் ஒட்டிச் செய்கிற வில் அது. ஒருவரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. கம்ப்யூட்டரில் பார்த்தும், படித்தும், இரண்டு வில்லைப் பாழாக்கியும் கற்றுக்கொண்டான். இது மூன்றாவது.

7.35. திண்டிவனத்தில் பத்து நிமிஷம் நின்றது. டீ பதினைந்து ரூபாய், சர்க்கரைப் பாகு மாதிரி. இங்கிருந்து செஞ்சி இருபத்தெட்டு கிலோமீட்டர். அந்த நாளில் ஞாயிற்றுக்கிழமை தோறும் இதே ரோட்டில் கடைசி சீட்டில் உட்கார்ந்து லூர்து வீட்டுக்குப் போவோம். சர்ச்சில் பூசை முடிந்து அவன் அம்மா கறிக்குழம்பு வைப்பார்கள். விடுதிச் சாம்பாரில் வாடிக் கிடந்த எங்களுக்கு அது சொர்க்கம். வலப்பக்க ஜன்னலுக்காக நாங்கள் போடாத சண்டை இல்லை. இன்று அந்த ஜன்னல் சும்மாவே கிடைத்தது. சண்டை போடத்தான் ஆளில்லை.

அந்த ஞாயிறுகளில் ஒன்றில்தான் அது நடந்தது. லூர்து அவன் நிலத்து மூங்கிலைப் பச்சையாக வெட்டி, நைலான் கயிறு கட்டி ஒரு வில் செய்தான். சந்திரகிரி மலைக்குப் பின்னால் போனோம். "இழுடா, ஒண்ணும் ஆவாது" என்றான். இழுத்தேன். இரண்டு அம்பும் எங்கோ போய் விழுந்தன. மூன்றாம் தரம் வில் முறிந்து, சிலாம்பு ஒன்று என் இடது கண்ணில் ஏறியது. அன்றிலிருந்து அந்தக் கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரியும், உருவம் தெரியாது. பொய் சொல்வானேன், இரண்டு வருஷம் அவன் மேல் எனக்குக் கோபம்தான். பிறகு எப்போது போனது என்று தெரியாமலே போய்விட்டது. அவன் கெமிஸ்ட்ரி படிப்பைப் பாதியில் விட்டுக் கண்ணாடிக் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

8.30. செஞ்சி பஸ் நிலையம். லூர்து வந்து என் வலப்பக்கம் நின்றான். எப்போதும் அப்படித்தான். என் இடப்பக்கத்தில் அவன் நின்று நான் பார்த்ததில்லை.

"சாப்டியா?"

"இல்ல."

"வா, ஜெசிந்தா இட்லி ஊத்தியிருக்குது."

ஜெசிந்தா அவன் மனைவி. ரேஷன் கடையில் எடை போடுகிறவர். "வாங்கண்ணா, அஞ்சு வருஷமா என் சமையல்கட்டுல மீன் நெட்டி காய்ச்சறாரு உங்க ஃபிரெண்டு. நாத்தம் தாங்கல. இன்னிக்கோட ஒழிஞ்சா சரி" என்று வரவேற்றார். கத்தாழை மீனின் வயிற்றில் காற்று அடைத்திருக்கும் பைதான் நெட்டி. அதைக் காய்ச்சினால் வருகிற பசைக்கு ஈடு கிடையாதாம்.

கடையின் பின்னறையில் வில்லைக் காட்டினான். வில் என்றே எனக்குத் தோன்றவில்லை. இரண்டு நுனியும் ஒன்றையொன்று தொடுகிற மாதிரி சுருண்டு, பெரிய முறுக்கு போலக் கிடந்தது. ஒன்றரை வருஷம் அப்படியே கட்டிக் காயவைத்தானாம். இதை எதிர்ப்பக்கமாகத் திருப்பி வளைத்துத்தான் நாண் ஏற்ற வேண்டும். நடுவில் முசுக்கொட்டை மரம். இழுப்பவனைப் பார்க்கிற பக்கம் ஆம்பூரில் வாங்கிய எருமைக் கொம்பு, கறுப்புக் கண்ணாடி மாதிரி பளபளத்தது. வெளிப்பக்கம் நரம்பு.

"வளையறப்போ கொம்பு நசுங்கும், நரம்பு இழுபடும். ரெண்டும் தாங்கும்" என்றான். பிறகு குனிந்துகொண்டு, "தாங்காம உடஞ்சாகூட சிலாம்பு பறக்காது. நரம்பு புடிச்சிக்கும்" என்றான்.

இத்தனை வில் இருக்க ஏன் துருக்கி வில் என்று ஐந்து வருஷமாக நான் கேலி செய்து வந்தேன். அன்றைக்குத்தான் காரணம் புரிந்தது.

10.15. கண்ணாடி ஃபிரேமை இளக்குகிற சின்ன ஹீட்டரில் வில்லின் ஒவ்வொரு பாகமாகக் காட்டினான். புறங்கையால் தொட்டுத் தொட்டுச் சூடு பார்த்தான். என்னைக் கடையின் முன்பக்கம், கண்ணாடி அலமாரிக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்துவிட்டான். கணவனும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, கால் முட்டியைக் கொடுத்து அழுத்தினார்கள். அரிசி மூட்டை தூக்கிப் பழகிய கை ஜெசிந்தாவுக்கு. முறுக்கு விரிந்தது, நேரானது, எதிர்ப்பக்கம் மடங்கியது. நரம்புக்குள்ளிருந்து நெறநெறவென்று ஒரு சத்தம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது நாண் ஏறியிருந்தது.

வில்லின் கீழ்க்கை, அதாவது கைப்பிடிக்குக் கீழே உள்ள பாதி, கொஞ்சம் திருகியிருந்தது. சூடு காட்டித் திருப்பி, குழி வெட்டிய மரக்கட்டையோடு சேர்த்துக் கட்டினான். "இன்னிக்கு இது இப்டியே கெடக்கணும். நாளிக்கு முழு இழுப்பு" என்றான். சொன்னவன் முகம் வெளிறியிருந்தது.

ஞாயிறு காலை 8.10. பூசை முடிந்து, ஊருக்கு வெளியே நான்கு கிலோமீட்டரில் ஜெசிந்தாவின் நிலத்துக்கு ஆட்டோவில் போனோம். நூறு ரூபாய். நிலக்கடலை பிடுங்கி முடிந்த நிலம், வெறும் மண். தூரத்தில் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. யாரோ கூடை கூடையாகக் கல்லைக் கொட்டிவிட்டுப் போன மாதிரி மூன்றும் அன்று போலவே நின்றன. எங்களுக்குத்தான் தலை நரைத்துவிட்டது.

"மொதல்ல இத்த போடு" என்று ஒரு கண்ணாடியை நீட்டினான். உடையாத லென்ஸ், பக்கவாட்டிலும் மறைப்பு. போட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கமும் பவர் போட்டிருந்தான்.

"எடது பக்கத்துக்கு எதுக்குடா பவர்?"

"அதுவும் கண்ணுதானே."

கட்டையை அவிழ்த்து வில்லை என் கையில் கொடுத்தான். இறகு மாதிரி கனமே இல்லை. அம்பில்லாமல் நாணை விடக்கூடாது, இழுத்து மெதுவாக இறக்க வேண்டும் என்றான். பத்தடி தள்ளிப் போய் நின்றான். இழுத்தேன். வெண்ணெய் மாதிரி வந்தது. தாடை வரை இழுத்துவிட்டு, "எப்டிடா?" என்றேன். திரும்பிப் பார்த்தால், லூர்து மலைப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். மெதுவாக நாணை இறக்கினேன்.

"இவரு பாக்க மாட்டாருண்ணா" என்றார் ஜெசிந்தா. "கோயில் திருவிழாவுல பசங்க வெளையாட்டு வில்லு வச்சிருந்தாகூட எழுந்து போயிடுவாரு."

"ஜெசி, நீ பாத்து சொல்லு" என்றான் அவன் திரும்பாமலே.

"எனக்கு இன்னா தெரியும்? நீதான செஞ்ச!"

எனக்குப் புரிந்துவிட்டது. வில் முழுக்க வளைந்து நிற்கும்போது அதன் மேல்கையும் கீழ்க்கையும் சமமாக வளைகிறதா என்று பார்த்து, விறைத்த பக்கம் கொம்பை அராவ வேண்டும். இந்த வேலையில் பாதி கையில், பாதி கண்ணில். இழுப்பவனுக்கு அது தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு இந்த வில்லை முடிக்கவே முடியாது. பார்க்காமல் விட்டால் மற்றக் கை கூடுதலாக வளைந்து இன்றோ நாளையோ முறியும். ஐந்து வருஷ உழைப்பு போகும்.

"லூர்து, நான் மறுபடி இழுக்கப் போறேன். நீ பாத்தாதான் இறக்குவேன்" என்று சொல்லி இழுத்தேன். எனக்கு ஐம்பத்து நான்கு வயசு. ஐந்து எண்ணுவதற்குள் தோள் நடுங்க ஆரம்பித்தது. நாண் விரலை அறுத்தது. "டேய், கை வலிக்குதுடா!" என்று கத்தினேன்.

திரும்பினான். முதலில் என்னைத்தான் பார்த்தான், வில்லை அல்ல. பிறகு ஒரு கண்ணைச் சுருக்கி, வாடிக்கையாளர் மூக்கில் ஃபிரேம் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கிற அதே பார்வையில், மேல்கையையும் கீழ்க்கையையும் பார்த்தான்.

"மேல்கை வெறப்பா இருக்குது. நடுவுல மட்டும். எறக்கு."

அரத்தை எடுத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தான். கொம்புத் தூள் அவன் வேட்டியில் கறுப்பாக விழுந்தது, கூடவே கண்ணீரும். துடைக்கவில்லை. அராவினான், நான் இழுத்தேன், பார்த்தான். நான்கு தரம். ஐந்தாவது தரம், "எறக்கு" என்று சொல்ல மறந்து பார்த்துக்கொண்டே நின்றான்.

9.40. அம்பு வைத்தேன். முப்பதடியில் இருந்த வைக்கோல் போரை விட்டுவிட்டு அம்பு பக்கத்துக் காட்டில் போய் விழுந்தது. "ரெண்டு கண்ணு இருந்தப்பவும் நீ இப்டிதான் அடிச்ச" என்றான் லூர்து. அந்த நாளைப் பற்றி அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மதியம் 2.20. பஸ் நிலையம். வில்லை எடுத்துப் போகச் சொன்னான், நான் மாட்டேன் என்றுவிட்டேன். சென்னையின் ஈரக்காற்றில் அதன் பசை ஒரு மழைக்காலம் தாங்காது. செஞ்சியில் இருந்தால் நான் வருவதற்கு ஒரு சாக்கு இருக்கும். சென்னை பஸ் வந்தது. வலப்பக்கம் நின்றிருந்த லூர்து என்னைச் சுற்றி இடப்பக்கம் வந்தான். என் கண்ணாடியைக் கழற்றி, இடது காதில் மாட்டுகிற காம்பைக் கொஞ்சம் வளைத்து, மறுபடி மாட்டினான். இடது கண்ணை நேராகப் பார்த்தான். எனக்குத் தெரிந்தது கொஞ்சம் வெளிச்சமும், அதை மறைத்து நின்ற அவன் நிழலும்தான்.

"எடது காது ஒரு நூல் எறக்கமா இருக்குதுடா உனக்கு" என்றான். "இத்தன வருஷமா நான் கவனிக்கல."