வலப்பக்கக் கொக்கி

பவர்லூம் சேலைகளின் கரைக்கு கிராப் தாளில் கட்டம் நிரப்பிக் கொடுப்பது என் தொழில். படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. ஆட்களோடு பேசுவதைவிடக் கட்டங்களோடு இருப்பது எனக்குச் சுலபம். எங்கள் வேலையில் பூவானாலும் மயிலானாலும் பாதியைத்தான் வரைவோம். நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் கட்டங்களை எண்ணித் திருப்பிப் போட்டால் மறுபாதி தானாக வந்துவிடும்.

பின் தெருவில் இருக்கும் டீச்சர் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுப்பவர். என்னைவிட இளையவர். ஒருநாள் என் கிராப் தாள்களைப் பார்த்துவிட்டு, “எங்க மைக்ராஸ்கோப் உள்ளயும் இதே மாதிரி கட்டம் இருக்குக்கா. ஒரு பூச்சி வரஞ்சி தாரியளா?” என்று கேட்டார். மறுக்க வாய் வரவில்லை.

அதைக் கல் ஈ என்றார். ஈ மாதிரி இல்லை. பழுப்பு நிறம், நீளமான சிறகுகள், பின்னால் வால்போல இரண்டு இழைகள். வாசுதேவநல்லூருக்கு மேற்கே மலையோடையில் கிடைத்த ஒரே ஒரு ஆண் பூச்சி. சிறகு முளைக்கும்வரை தண்ணீருக்குள் கல்லுக்கு அடியில் கிடக்குமாம். பிறகு கல்மேல் ஏறி, முதுகைப் பிளந்துகொண்டு வெளியே வருமாம். வந்தபின் சாப்பாடு என்று ஒன்றும் கிடையாதாம். வாய் இருந்தும் அது எதற்கு என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் முதுகு முடியும் இடத்தில் இரண்டு சிறு கொக்கிகள். இந்த இனத்தை மற்றவற்றிலிருந்து பிரித்துச் சொல்ல அவைதான் அடையாளம். ஸ்பிரிட்டில் கிடந்த பூச்சியின் கண்கள் வெளுத்திருந்தன. நான் மூச்சை அடக்கிக் கட்டம் எண்ணும்போதெல்லாம் உணர்கொம்பு மெல்ல அசைந்தது. “ஸ்பிரிட் ஆவியாகுதுக்கா, அதான்” என்றார் டீச்சர். இடப்பாதியை முடித்ததும் எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. கண்ணை எடுத்துவிட்டேன். வலப்பாதியைப் பழக்கப்படி எண்ணித் திருப்பிப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பத்து நாள் கழித்து டீச்சர் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

“அக்கா, உள்ள பாக்கணும்னு ஒடம்போட பின்நுனிய வெட்டி, சத கரையக் காரத்துல போட்டேன். வலது கொக்கி ஒடிஞ்சி போச்சி. போட்டோவும் இடப்பக்கந்தான் இருக்கு. நல்லவேள, நீங்க வரஞ்சிருக்கிய. வலது கொக்கி ஒரு கட்டம் ஒசரமா இருக்கு பாருங்க. இப்படி ஒண்ண இதுவர யாரும் எழுதல. இது புது இனம்க்கா! நல்லா பாத்துத்தான போட்டிய?”

“ஆமா” என்று சொல்லிவிட்டேன்.

அவர் போனபின், நான் வைத்திருந்த படத்தின் நகலை எடுத்து எண்ணினேன். இடப்பக்கம் இரண்டு கட்டம், வலப்பக்கம் மூன்று. எண்ணும்போது தப்பியிருக்கிறேன். இத்தனை வருடத்தில் தறிக்குக் கொடுத்த எந்தக் கரையிலும் எனக்கு எண்ணிக்கை தப்பியதில்லை.

மறுநாள் கிராப் கொடுக்கப் போனபோது தறிக்கார அண்ணாச்சி, “என்னம்மா, ஈக்குச் சேல போடுதியாமே? முந்தி எத்தன இஞ்சு?” என்றார். தறியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். உலகத்தில் இல்லாத ஒன்று என் பென்சிலால் உண்டாகி, பெயர் வைத்து, புத்தகத்தில் ஏறப்போகிறது.

வீட்டுச் சுவரில் துணி மாட்டும் கொக்கிகள் இரண்டு. அவற்றில் வலப்பக்கத்தது கொஞ்சம் உயரமாக இருப்பதை அந்த வாரம்தான் பார்த்தேன். ஸ்கேல் வைத்து அளந்தேன். உயரம்தான். எப்போதும் அப்படித்தான் இருந்ததா என்று தம்பியிடம் கேட்டேன். “அத யாரு பாத்தா?” என்றான். அதன்பின் அந்தக் கொக்கியில் துணி மாட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வீட்டுக்குப் போய், நின்றபடியே சொன்னேன். “வலப்பக்கம் நான் பாக்கவே இல்ல டீச்சர். இடப்பக்கத்தத் திருப்பிப் போட்டேன். எண்ணும்போது ஒரு கட்டம் கூடிப்போச்சி.”

டீச்சர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். திட்டவில்லை. “ஒரே சிலையில ஒரு பக்கம் சிவன், மறுபக்கம் பெருமாள்னு சாமி நிக்கிற ஊர்ல இருந்துகிட்டு, ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் இருக்கும்னு எப்படிக்கா நெனச்சிய?” என்றார். சிரிக்கத்தான் சொன்னார். அவரே சிரிக்கவில்லை. புது இனம் என்று எழுதிமுடித்த தாள்களைக் கட்டி அலமாரியில் வைத்தார்.

மழைக்காலம் முடிந்ததும் மறுபடி அதே ஓடைக்குப் போனார். சிறகு முளைக்கும் நிலையில் இருந்த பூச்சிகளை ஈரப்பாசியும் ஐஸும் வைத்த பெட்டியில் கொண்டுவந்தார். நாலு செத்துவிட்டன. ஒன்று மட்டும் பிழைத்தது. மூன்றாம் நாள் காலையில் ஆள் அனுப்பினார்.

பெட்டியை மூடியிருந்த வலைத்துணியில் ஒரு தோல் தொற்றிக்கொண்டிருந்தது. ஆறு கால், இரண்டு வால், கண்ணின் மூடிகூட அப்படியே இருந்தது. முதுகு மட்டும் நேராகப் பிளந்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. ஆனாலும் அது என்னைப் பார்ப்பதுபோலவே இருந்தது. அதிலிருந்து வெளியே வந்த ஆண் பூச்சி மைக்ராஸ்கோப்புக்கு அடியில் இருந்தது.

“நான் பாத்துட்டேன். ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீங்க வரைங்க. இந்தத் தடவ வலதுல இருந்து தொடங்குங்க” என்றார் டீச்சர்.

நடுக்கோடு போடாமல், ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்துப் பார்த்து வரைந்தேன். வலது கொக்கி மூன்று கட்டம். இடது கொக்கி இரண்டு. மறுபடி எண்ணினேன். மூன்றாம் தடவையும் எண்ணினேன்.

டீச்சர் பழைய படத்தை எடுத்துவந்து, புதியதன்மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு கோடுகூட விலகவில்லை.

“நீங்க அன்னைக்கே பாத்திருக்கிய அக்கா. பாத்தது ஒங்களுக்கே தெரியல.” அவர் முகம் மலர்ந்திருந்தது. அலமாரியிலிருந்து அந்தத் தாள்கட்டை எடுத்துப் பிரித்தார்.

நான் பார்க்கவில்லை. கண்ணை எடுத்த அந்த நேரம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதை மறுபடி சொல்ல வாயெடுத்தேன். பூச்சி புதியது, பார்த்து வரைந்த படமும் புதியது, இனி யாருக்கும் பொய் சொன்னதாகாது. பேசாமல் இருந்துவிட்டேன்.

பழைய படத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதைக் கிழிக்க மனம் வரவில்லை, வீட்டுக்குள் வைக்கவும் மனம் வரவில்லை. மடித்து, மாடிப்படிக்கு அடியில் பழைய கிராப் தாள்களோடு வைத்திருக்கிறேன். இப்போது கரைக்குக் கட்டம் போடும்போது இரண்டு பாதியையும் தனித்தனியாகவே வரைகிறேன். வேலை இரட்டிப்பாகிறது என்று அண்ணாச்சி சத்தம் போடுகிறார்.