முற்றுகையிட்ட நீலாயதாட்சி

பூவம் கிராமத்து நீலாயதாட்சி காரைக்காலில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை மடிக்கிறவள். இருளர் வீட்டுப் பெண் என்றதும், பாம்பு பிடிப்பாளா என்று கேட்காத ஆளில்லை. பல்லி விழுந்தாலே பக்கத்து வீட்டுக்கு ஓடுகிற பேர்வழி அவள்.

மகள் தமிழ்மொழி நர்சிங் சேர வேண்டும். அதற்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். நீங்கள் இருளர்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டுக் கேட்டே அதிகாரி சிவநாதன் ஒரு வருடத்தை ஓட்டிவிட்டார். பொறுத்துப் பார்த்தவள் தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு அலுவலக வாசலில் போய் உட்கார்ந்தாள். அன்றைக்கு அதிகாரி லீவு. கொண்டுபோன புளிசாதத்தைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். மறுநாள் பேப்பரில், ‘பெண்கள் திடீர் முற்றுகை, பணிகள் முடங்கின, பரபரப்பு’ என்று வந்திருந்தது.

அதை எழுதிய நிருபர் ஹரிஹரனுக்குப் போன் போட்டாள்.

“ஆளே இல்லாத ஆபீஸ்ல எந்த வேலைங்க முடங்குச்சு?”

அப்படி எழுதினால்தான் செய்தி போடுவார்களாம். பழங்குடியினர் என்று ஏன் போடவில்லை என்று கேட்டாள். இஸ்திரி போட்ட சேலையில் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள், அடுத்த முறை எலியோ பாம்போ கையில் இருந்தால் படம் எடுப்பாக இருக்கும் என்றான். அவளுக்கு வந்த ஆத்திரத்தில் போனையே நாலாக மடித்திருப்பாள்.

அடுத்த வாரமும் போனார்கள். சிவநாதன் ஆதாரப் பேச்சை ஆரம்பிப்பதற்குள், மழைக்கு ஒதுங்கியிருந்த சாரைப்பாம்பு ஒன்று பீரோவுக்கு அடியிலிருந்து புறப்பட்டது. அதிகாரி மேசைமேல் ஏறினார். நீலாயதாட்சி அதற்கு முன்பே பெஞ்சில் ஏறியிருந்தாள்.

“நீங்க இருளருதானம்மா, புடிங்களேன்” என்று கெஞ்சினார் அவர்.

“அதை எழுதிக் குடுங்க சார், அப்புறம் பாக்கலாம்.”

பாம்புக்கு இதில் அக்கறை இல்லை. அது பாட்டுக்கு வாசல் வழியாகப் போய்விட்டது. அதன் பிறகுதான் ஹரிஹரன் வந்து சேர்ந்தான்.

மறுநாள் காலைப் பேப்பரில், ‘அலுவலகத்தில் பாம்பை விட்ட பழங்குடியினர், அதிகாரி உயிர் தப்பினார்’. படித்துவிட்டுத் தமிழ்மொழி அழுதாள். நீலாயதாட்சி கடைக்கு லீவு சொல்லிவிட்டு, பேப்பரைக் கொண்டுபோய் சிவநாதன் மேசையில் விரித்தாள். பாம்பை யாரும் விடவில்லை என்று அவருக்கே தெரியும்.

“பழி போடுறப்ப நாங்க பழங்குடின்னு எல்லாருக்கும் தெரியுது. புள்ள படிக்கணும்னு கேட்டா மட்டும் ஆதாரம் வேணுமா சார்?”

சிவநாதன் பேனாவைத் தேடினார்.