துடைத்து அனுப்பிய பச்சை

"ஸ்டெல்லா போய்ட்டா அண்ணா. காலையில மூச்சு நின்னுடுச்சி" என்று அவர் கணவர் தேவராஜ் போனில் சொன்னபோது நான் கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தில் நின்றிருந்தேன். அடுத்து அவர் சொன்னதைச் சரக்கு ரயிலின் சத்தம் விழுங்கிவிட்டது. திரும்ப அழைத்துக் கேட்டேன். அடக்கம் மாலையில் என்றார்.

தொழிற்பேட்டைக்குத் திரும்பும் சாலையோரம், பச்சை வலைக்குக் கீழே செடிப்பண்ணை வைத்திருந்த ஸ்டெல்லாவை உங்களில் பலருக்குத் தெரியும். உங்கள் வாசலில் நிற்கும் இட்லிப்பூவோ குரோட்டன்ஸோ அவர் கைபட்டதாக இருக்கலாம். கம்பெனி அலுவலகங்களுக்குச் செடித் தொட்டிகளை வாடகைக்கு அனுப்பியவரும் அவர்தான்.

லாரிகள் கிளப்பும் தூசியைப் பற்றிச் செய்தி சேகரிக்கப் போனபோதுதான் அவரை முதலில் பார்த்தேன். முன்வரிசைச் செடிகளைப் படம் எடுக்கப் போனவனைத் தடுத்தார். "அது இப்பத்தான் தொடச்சது அண்ணா. பின்னாடி வாங்க."

பின்னால் குரோட்டன்ஸின் சிவப்பும் மஞ்சளும் காணாமல் போயிருந்தன. எல்லா இலைகளும் சாம்பல் நிறம். ஓர் இலைமேல் விரலால் கோடு போட்டார். அடியில் வெளிறிய பச்சை தெரிந்தது. "மூஞ்சிய மூடிக் கம்பளி போத்திக்கினு இருக்கற மாதிரி. வெயிலும் உள்ள போவாது, மூச்சும் உட முடியாது."

குழாய் வைத்து அடித்துக் கழுவலாமே என்றேன். போர் தண்ணீர் உப்பு. இலைமேல் பட்டுக் காய்ந்தால் வெள்ளை பூத்து ஓரம் கருகிவிடும். விலைக்கு வாங்கும் லாரித் தண்ணீர் வேருக்கே பற்றவில்லை. அதனால் பழைய பருத்திப் புடவையைக் கிழித்து வைத்துக்கொண்டு, இலையை இடது உள்ளங்கையில் ஏந்தி, ஒவ்வொன்றாகத் துடைத்தார். இலையை விட்டுக் கிளம்பிய தூசி வலைக்கு வெளியே போகாமல் அவர் முக உயரத்திலேயே நின்றது.

ஒருமுறை ஒரு கம்பெனிக்கு வெளியூரிலிருந்து பெரிய ஆட்கள் வருவதாக இருந்தது. இலைகள் மின்ன வேண்டும் என்று கேட்டார்கள். தேவராஜ் தொட்டிச் செடிகளுக்கெல்லாம் தேங்காய் எண்ணெய் பூசி, கம்பெனி கேட் அருகே அடுக்கிவிட்டு வந்தார். வந்தவர்கள் பாராட்டினார்களாம். லாரிகள் போகப் போக அந்த எண்ணெயில் தூசி சாந்துபோல ஒட்டிக்கொண்டது. துணியால் துடைத்தும் வரவில்லை. இலைகள் மஞ்சளாகி உதிர்ந்து, தொட்டிகள் வெறும் குச்சிகளோடு திரும்பி வந்தன. அன்று நான் அங்கிருந்தேன்.

"தலைக்குத் தேக்கறத செடிக்குத் தேச்சிருக்கியே நைனா, ஸ்கூலுக்கா அனுப்பற?" என்றார் ஸ்டெல்லா கணவரிடம்.

"பளபளன்னு இருந்துச்சா, இல்லியா?"

"இருந்துச்சி. பொணத்துக்குந்தான் பவுடர் போடறாங்க."

தேவராஜ் சிரித்தார். சிரிக்கத் தொடங்கிய ஸ்டெல்லாவுக்கு இருமல் வந்துவிட்டது. அது நிற்க வெகுநேரம் ஆனது.

தூசிப் பக்கமே போகக்கூடாது என்று மருத்துவர் சொன்னதும், சாலையை விட்டு வெகுதூரம் உள்ளே, ஏரிக்கரைப் பக்கம் பண்ணையை மாற்றினார்கள். செடிகள் தழைத்தன. அவருக்கும் இருமல் குறைந்தது. ஆனால் ஷிப்ட் முடிந்து வண்டியில் போகிறவர்கள் வழியில் பார்த்து வாங்குவதுதான் இந்த வியாபாரம். ஏரிக்கரைக்கு யாரும் வரவில்லை. மறுபடி சாலைக்கே வந்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். "வித்தாத்தான் அது செடி அண்ணா. அங்க நின்னா சும்மா காடு."

கடைசியாகப் பார்த்த அன்று ஒரு கம்பெனி மேலாளர் வந்திருந்தார். "உங்க செடிகளைப் பார்த்தா இந்தப் பக்கம் தூசி இருக்குன்னே தெரியல மேடம்" என்று மெச்சினார். அவர் கார் நகர்ந்ததும் ஸ்டெல்லா தாழ்ந்த குரலில் சொன்னார்: "அதான் அண்ணா பயமா இருக்குது. வாராவாரம் வாடனத எடுத்துக்கினு, தொடச்சத வெச்சிட்டு வரேன். உள்ள இருக்கறவங்களுக்கு செடி சாவறதே தெரியல."

தூசிதான் அவரைக் கொண்டுபோனது என்று எழுத மாட்டேன். மருத்துவர் அப்படிச் சொல்லவில்லை. கண்டதைத்தான் எழுதுகிறேன்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்துப் போனேன். மகள் மெர்சி வாயில் துண்டு கட்டிக்கொண்டு முன்வரிசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "வாணாம்னா கேக்க மாட்டேங்கறா" என்றார் தேவராஜ். இந்த ஒருமுறை துடைக்காமல் அனுப்பிப் பாரேன் என்றேன்.

"திருப்பி அனுப்பிடுவாங்க அங்கிள். வேற ஆள்கிட்ட எடுத்துக்குவாங்க" என்றாள். கை நிற்கவில்லை.

ஸ்டெல்லாவிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அவருடைய பயம். முன்பெல்லாம் அழுக்கு எங்கே இருக்கிறது என்று தேடிப் போவேன். இப்போது எந்த அலுவலகத்தில் பளிச்சென்ற இலைகளைக் கண்டாலும், போன வாரம் இந்த இடத்தில் நின்ற செடி எங்கே என்று கேட்கிறேன். இதுவரை யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.