பெரியப்பா காலண்டரில் எழுதிய 'சரி'

பெரியப்பா முப்பது வருடம் லாரி ஓட்டினார். ஒரு விபத்துகூட இல்லை. ஓய்வு பெற்றபின் அவர் கையில் மிஞ்சியது, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நீச்சல் குளம். நீளம் பத்து நடை, ஆழம் நெஞ்சளவு. நாங்கள் அதைத் தொட்டி என்றுதான் சொல்வோம்.

அவருடைய ஒரே மகளான அக்காவுக்காகக் கட்டியது அது. வேலை செய்த கிடங்கில் ஏணியிலிருந்து விழுந்து அக்காவுக்கு இடுப்பெலும்பு உடைந்தது. ஊன்றுகோல் இல்லாமல் தரையில் நிற்க முடியாது. தண்ணீருக்குள் நடந்தால் கால் பழகும் என்றார் டாக்டர். கோடை முழுக்க நடந்தாள். குளிர் வந்ததும் நிறுத்தினாள். வெயில் திரும்பியதும் தொடங்கியே ஆக வேண்டும், விட்டால் தசை இறுகிவிடும்.

எங்கள் பக்கம் குளிர்காலம் பெயருக்குத்தான். அதனாலேயே தொட்டியை மூடிவிட்டு மறந்துவிட முடியாது. நாலு நாள் இதமாக வெயில் அடித்தால் பாசி வந்துவிடும். அந்த வருடம் மழையும் இல்லை. வீட்டுக் குளங்களைப் புதிதாக நிரப்பக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். இருக்கிற தண்ணீர் கெட்டுப்போனால் அக்காவுக்கு அந்த வருடம் நடை கிடையாது.

ஆகவே பெரியப்பா தினமும் காலையில் வலையால் சருகு அள்ளினார். பம்பை நான்கு மணி நேரம் ஓட விட்டார். சுவரைத் தேய்த்தார். வாரம் இரண்டு முறை சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து, மருந்துச் சொட்டு விட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு சமையலறைக் காலண்டரில் 'சரி' என்று எழுதினார்.

"எனக்குக் காய்ச்சல் வந்தப்பகூட இந்த மனுஷன் இத்தனை டெஸ்ட் எடுக்கல" என்பார் பெரியம்மா.

அக்கா அந்த மாதங்களில் அறையைவிட்டு அதிகம் வெளியே வரவில்லை. யார் பேசினாலும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். ஒரு மதியம் நல்ல வெயில். எல்லோரும் வற்புறுத்தியதால் தொட்டிவரை வந்தாள். எட்டிப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"அப்பா, தண்ணி ஏன் இப்படிப் பச்சையா இருக்கு?"

"மர நிழலும்மா."

"மரத்துல இலையே இல்லையேப்பா."

பெரியப்பா குழாயை எடுத்துவந்து சோதித்தார்.

"சரியாத்தான் இருக்கு" என்றார்.

"என்ன கலர்ல இருக்கு?"

"அதான் சரியா இருக்குன்னு சொல்றேனே."

"கலரைக் கேட்டேன்ப்பா."

பெரியப்பா குழாயை ஓரத்தில் வைத்தார்.

"எனக்குத் தெரியாதும்மா. சின்ன வயசுலேர்ந்தே சிவப்பும் பச்சையும் எனக்கு ஒண்ணுதான்."

பெரியம்மா கையிலிருந்த துண்டு கீழே விழுந்தது. "அய்யோ! சிக்னல்ல எப்படி நின்னீங்க?"

"மேல எரிஞ்சா நிக்கணும், கீழ எரிஞ்சா போகணும்."

"முப்பது வருஷம் இதை நம்பியா உங்க பக்கத்துல உக்காந்து வந்தேன்! கடைல நான் துணி எடுக்கிறப்பல்லாம் 'இந்தக் கலரே நல்லா இருக்கு'ன்னு சொன்னது?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

பெரியம்மாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அக்கா சிரிக்கவில்லை. கோடையில் தண்ணீரில் இறங்குமுன் அவள்தான் நிறம் பார்ப்பாள். அவள் படுத்தபின் அவர் யாரிடமும் கேட்கவில்லை. குழாயில் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டியது, தண்ணீரில் காரம் ஏறிக் கடுஞ்சிவப்பாக இருந்திருக்கிறது. அந்தத் தண்ணீரில் பாசியைக் கொல்லும் குளோரின் சரியாக வேலை செய்யாது. அவரோ அளவு தவறாமல் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றாள் அக்கா.

"நீயே முடியாம படுத்திருந்த. உன்னை எழுப்பிக் கலர் கேக்கவா?"

"ஆமா. எழுப்பியிருக்கணும்."

மறுநாளிலிருந்து தொட்டி ஓரத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி போடப்பட்டது. காரம் குறைய பெரியப்பா ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவார். மணிக்கணக்கில் பம்பு ஓடியபின் அக்கா குழாயைப் பிடித்து, "இன்னும் சிவப்புதான்" என்பாள். நிறம் இறங்கியபிறகுதான் குளோரின் போட ஆரம்பித்தார்கள். அவர் தேய்த்தார், வடிகட்டியைக் கழுவினார், மறுபடி தேய்த்தார். அவள் சுவரில் எந்த இடம் பச்சை என்று ஊன்றுகோலால் காட்டினாள். நான்காம் நாள் தண்ணீர் பால்போலக் கலங்கியது. போச்சு என்று நாங்கள் நினைத்தோம். அக்கா மட்டும், "செத்த பாசிதான், விடாதீங்க" என்றாள்.

ஒன்பதாம் நாள் காலை பெரியப்பா கரையில் மண்டியிட்டுக் குனிந்து பார்த்தார். அடியில் இருந்த வடிகால் மூடியின் துளைகள் தெரிந்தன. அதைப் பார்க்க நிறம் வேண்டியதில்லை. ஒவ்வொன்றாக எண்ணினார். எழுந்திருக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா குழாயைப் பார்த்து, "இளஞ்சிவப்பு" என்றாள். காலண்டரில் அன்று அந்தச் சொல்லைத்தான் எழுதினார்.

வெயில் திரும்பிய முதல் வாரம் அக்கா கம்பியைப் பிடித்து இறங்கினாள். "ஐயோ, குளிருது!" என்று கத்தினாள். ஊன்றுகோல் படியிலேயே கிடந்தது. ஓர் அடி வைத்தாள். நின்றாள். இன்னோர் அடி வைத்தாள்.

பெரியப்பா கரையில், அவளை முந்தாமல், அவளுடைய நடைக்கே நடந்தார்.