கரடி வராத வரிசை

காலை ஆறு நாற்பதுக்கு அரூர் பேருந்து நிலையத்திலிருந்து தருமபுரி வண்டி கிளம்பியது. ஆளுக்கு முப்பத்தைந்து ரூபாய், மகள் யாழினிக்கு அரை டிக்கெட். மொரப்பூர் வருவதற்குள் எங்கே உட்காருவது என்று எங்கள் வீட்டில் சண்டை மூண்டுவிட்டது. பேருந்தில் அல்ல. பேருந்தில் மூன்று பேருக்கும் இடம் கிடைத்துவிட்டது. சண்டை, இன்னும் போய்ச் சேராத ஓர் உணவு விடுதியில் எந்த மேஜை என்பதைப் பற்றி.

தொப்பூருக்கு முன்னால், சேலம் சாலையோரம் இருக்கும் அந்தப் பொழுதுபோக்குப் பூங்காவின் பெயரை எழுத மாட்டேன். புகழ்ந்தாலும் விளம்பரம், திட்டினாலும் விளம்பரம். போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். உள்ளே ஒரு பெரிய சாப்பாட்டுக் கூடம் உண்டு. கரடி, முயல், ஒட்டகச்சிவிங்கி வேடம் போட்டவர்கள் மேஜை மேஜையாக வந்து குழந்தைகளைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். "கரடியோடு மதிய உணவு" என்று அதற்குப் பெயர். பெரியவர்களுக்கு அறுநூற்றைம்பது, குழந்தைகளுக்கு நானூற்றைம்பது, நுழைவுக் கட்டணம் தனி. மலையடிவாரத்தில் கரடி இறங்கினால் கதவைச் சாத்திக்கொண்டு வனத்துறைக்குப் போன் போடுகிற மாவட்டத்துக்காரர்கள் நாங்கள். இங்கே காசு கட்டிக் கூப்பிடுகிறோம்.

யாழினிக்கு ஏழு வயது. வகுப்பில் பாதிப் பேர் கரடியோடு எடுத்த படம் வைத்திருக்கிறார்கள். இவளுக்குப் படம் மட்டும் போதாது. கரடியின் காதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். என்ன விஷயம் என்று கேட்டால், "உங்க காதுல சொல்றதில்லப்பா" என்று முடித்துவிட்டாள்.

என் நிலைமை வேறு. எனக்கு நாற்பத்தேழு வயது. அரூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். மூன்று பேஸ் கரண்டோடு புழங்குகிற ஆள்தான். ஆனால் வேடம் போட்ட உருவம் பக்கத்தில் வந்தால் என் முழங்கால்கள் சொந்தமாக முடிவெடுக்க ஆரம்பித்துவிடும். திருவிழாவில் புலிவேடக்காரர் கடைப்பக்கம் வந்தால் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்துகொள்வேன். யாராவது கேட்டால் சரக்குக் கணக்கு எடுப்பதாகச் சொல்வேன்.

என் மனைவி கோமதி, போய்வந்த அக்கம்பக்கத்தாரிடம் விசாரித்து வைத்திருந்தாள். கரடி சமையலறைப் பக்கத்துக் கதவிலிருந்து புறப்பட்டு நடுவழியாக மேடைக்குப் போகும். அதனால் வழியோர நாற்காலி வேண்டும். நான் சுவரோரம்தான் நல்லது, காற்று வரும் என்றேன்.

"காத்துக்குங்களா, பயத்துக்குங்களா?" என்றாள். முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னலுக்கு வெளியே மரவள்ளிக் காட்டைப் பார்த்தேன்.

தருமபுரியில் எட்டேகாலுக்கு இறங்கி, தொப்பூரில் நிற்கிற சேலம் வண்டிக்காகக் காத்திருந்தோம். நிற்காத வண்டிகள் மூன்று போயின. நான்காவதில் நடத்துநர் பூங்காவுக்கா என்று விசாரித்து, தன் மகன் போன மாதம் அந்தக் கரடியைப் பார்த்து வேட்டியை நனைக்கிற அளவுக்கு அழுதான் என்றார். யாருடைய வேட்டி என்று கேட்க நினைத்தேன். அவருடையதுதானாம், அவரே சொன்னார். மகன் அவர் மடியில் இருந்திருக்கிறான்.

ஒன்பதரைக்குப் பூங்கா வாசல். அங்கேதான் முதல் கோபம். கோமதியின் ஒயர் கூடையில் இருந்த புளிசாதத்தைக் காவலர் எடுத்து வைத்துக்கொண்டார். வெளி உணவுக்கு அனுமதி இல்லையாம். எங்களுக்குப் பின்னால் காரில் வந்து இறங்கிய குடும்பத்தின் தோல்பையை யாரும் திறக்கவில்லை. அதற்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. காவலருக்கும் தெரிய வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. அந்தக் காரில் வந்தவர் உள்ளேயும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. இரண்டு குடும்பமும் அடுத்தடுத்து ஒரே கவுண்டரில் ஒரே விலைக்குக் கரடிச் சாப்பாட்டுச் சீட்டு வாங்கினோம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுக் கூடம் திறந்தது. வாசலில் காதில் கருவி மாட்டிய இளைஞர் ஒருவர் நின்று மேஜை காட்டினார். மேற்பார்வையாளராம். அவர் எங்கள் சீட்டைப் பார்க்கவில்லை. என் ரப்பர் செருப்பைப் பார்த்தார், கோமதியின் ஒயர் கூடையைப் பார்த்தார், பல்லெல்லாம் தெரியச் சிரித்தார், "சார், நீங்க லாஸ்ட்ல" என்றார். கடைசி வரிசை கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த வரிசைக்கு முன்னால் தரையில் மஞ்சள் நாடா ஒட்டியிருந்தது. கறுப்புக் கண்ணாடிக்காரருக்கு, எங்களுக்குப் பின்னால் வந்தவருக்கு, நடுவழி ஓரம்.

அந்த இடத்தில் ஓர் ஆண்மகன் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். நான் "தேங்க்ஸ் தம்பி" என்றேன். சுவரோரம் கிடைத்துவிட்டதே. கரடிக்கும் எனக்கும் நடுவே பத்து மேஜைகள். கோமதி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் கல்யாணத்துக்கு முந்தைய தவறான ஜாதகக் கணிப்பு வரைக்கும் எல்லாம் இருந்தது.

சாப்பாட்டைப் பற்றி இரண்டு வரி. ஊத்தப்பத்தைக் கரடி முகமாக வார்த்து, கண்ணுக்கு இரண்டு கறுப்பு திராட்சை வைத்திருந்தார்கள். சாம்பாரில் சர்க்கரை. எங்கள் பக்கத்து மேஜையில் பென்னாகரத்திலிருந்து இரண்டு பெண் குழந்தைகளோடு வந்திருந்த அக்கா ஒருவர், "இதுக்கு கரடியே தேவல" என்றார்.

பிறகு பாட்டு போட்டார்கள். கரடி வந்தது. எட்டடி இருக்கும் என்று என் பயம் அளந்தது. கோமதி ஐந்தரை என்கிறாள். மேஜை மேஜையாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு எங்களை நோக்கி வந்தது. யாழினி எழுந்து நின்றாள். நான் தண்ணீர்க் குவளைக்குப் பின்னால் ஒளிந்தேன். கரடி மஞ்சள் நாடா வரை வந்தது, கை ஆட்டியது, திரும்பிப் போனது. யாழினி உட்கார்ந்தாள். எனக்கு மூச்சு வந்தது.

இரண்டாவது சுற்று. மறுபடி நாடா வரை வந்தது. யாழினி எழுந்தாள், பென்னாகரத்துப் பிள்ளைகளும் எழுந்தார்கள். கை ஆட்டியது, போனது. உட்கார்ந்தார்கள்.

மூன்றாவது சுற்றில் கரடி நாடா வரை வந்தபோது யாழினி எழவில்லை. ஊத்தப்பத்தின் திராட்சைக் கண்ணை விரலால் அழுத்திக்கொண்டிருந்தாள்.

அதுவரை எனக்குள் இருந்த நிம்மதி சட்டென்று அசிங்கமாக நாறியது. போய் மேற்பார்வையாளரிடம் கேட்டேன். பல்லெல்லாம் தெரிந்தது. "சார், கேரக்டர்ஸ் அந்த லைன் தாண்ட மாட்டாங்க. அது ரூல்." சீட்டில் அப்படிப் போடவில்லையே என்றேன். அதற்கும் சிரித்தார். சிரிப்புக்கு என்ன பதில் சொல்வது என்று எந்தப் பள்ளியிலும் சொல்லித் தரவில்லை. திரும்பி வந்து கோமதியிடம் கத்தினேன். கத்த வேண்டிய ஆளிடம் கத்தத் தெரியாதவர்கள் அப்படித்தான் செய்வோம். ஆளைப் பார்த்து இடம் போடுகிறான், இதென்ன புது அக்கிரமம் என்றேன்.

"இவங்களா கண்டுபுடிச்சாங்க இத?" என்றாள் கோமதி, சத்தமே இல்லாமல். "எங்கூரு டீக்கடையில..." அவள் அப்பா அந்தக் கடையில் எந்தக் கிளாசில், எங்கே நின்று குடித்தார் என்பது எனக்குத் தெரியும்.

நான் எழுந்தேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. மஞ்சள் நாடாவைத் தாண்டிக் கறுப்புக் கண்ணாடிக்காரரின் மேஜைக்குப் போய், அவர் நாற்காலிக்குப் பின்னால், முதுகில் படாத தூரத்தில், கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டேன்.

கல்யாண வீட்டில் சாப்பிட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முதல் பந்தி பாயசத்துக்கு வரும்போது இரண்டாம் பந்திக்காரர்கள் வந்து நாற்காலிக்குப் பின்னால் நிற்பார்கள். ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். உட்கார்ந்திருப்பவருக்கு ரசம் தொண்டையில் நிற்கும். அரூர் மண்டபங்களில் எத்தனையோ முறை நின்றிருக்கிறேன். என் கால்களுக்கு அது மட்டும் நன்றாகத் தெரியும்.

அவர் திரும்பினார். "என்ன சார் வேணும்?"

"ஒன்னுமில்லீங்க. மெதுவா சாப்புடுங்க. அடுத்த பந்திக்கு நிக்கறேன்."

அவர் ஐஸ்கிரீமை ஒரு வாய் எடுத்தார். இரண்டாவது வாய் எடுக்க முடியவில்லை. பக்கத்து மேஜைக்குப் பின்னால் பென்னாகரத்து அக்கா இரண்டு பிள்ளைகளோடு வந்து நின்றுவிட்டார். அதற்கடுத்த மேஜைக்குப் பின்னால் ஒரு குடும்பம். கடைசி வரிசையில் இருந்த எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள். பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மேற்பார்வையாளர் ஓடிவந்தார். பல் தெரியவில்லை. "சார், இங்க நிக்கக் கூடாது."

"ஒக்காரச் சொன்ன எடத்துல ஒக்காந்தோம். நிக்கற எடத்தையும் நீங்கதான் சொல்லணுங்களா?" என்றார் பென்னாகரத்து அக்கா. நான் சொன்னதாக எழுத ஆசைதான்.

கறுப்புக் கண்ணாடிக்காரரின் மனைவிதான் முதலில் உடைந்தார். கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்தார். "எந்திரிங்க. பின்னால ஆளு நிக்கறாங்க, எனக்கு எறங்கல." அவர்களும் எங்கேயோ பந்தியில் நின்றவர்கள்தானே. ஐஸ்கிரீம் கிண்ணத்தோடு எழுந்தார்கள். நான் சட்டென்று உட்கார்ந்து, இன்னும் இரண்டு நாற்காலிகள் மீது கால் ஒன்று, கை ஒன்று போட்டு, கோமதியைப் பார்த்துத் தலையாட்டினேன். அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு யாழினியையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும்.

அவர்களுக்கு முன்னால் கரடி வந்துவிட்டது.

நடுவழி ஓரம். எனக்கும் அதற்கும் நடுவே எதுவும் இல்லை. எழுந்து ஓடினால் மூன்று நாற்காலியும் போய்விடும். இருந்தால் நான் போய்விடுவேன். கரடி இரண்டு கையையும் விரித்துக் குனிந்து என்னைக் கட்டிக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டு கையில் கிடைத்ததைப் பிடித்தேன்.

"அண்ணா," என்றது கரடி. பெண் குரல், நம்ம பக்கத்துக் குரல். "கைய வுடுங்கண்ணா, எனக்கு நோவுது."

விட்டேன். அதற்குள் யாழினி வந்தாள். கரடியின் காதைத் தேடினாள். அது தலைக்கு மேலே இருந்தது. கரடி முழங்காலிட்டது. யாழினி அந்தப் பஞ்சுக் காதில் வாயை வைத்து வெகுநேரம் ஏதோ சொன்னாள். கரடி பெரிய தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டது. பென்னாகரத்துப் பிள்ளைகள் அதன் முதுகில் சாய்ந்துகொண்டு தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள்.

சுபம் என்று இங்கே முடித்திருப்பேன். ஆனால் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்துவிட்டேன். கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில், நாங்கள் விட்ட மேஜையில், கறுப்புக் கண்ணாடிக்காரரின் குடும்பம் உட்கார்ந்திருந்தது. மேற்பார்வையாளர் அவர்களிடம் குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுக் காதுக் கருவியில் ஏதோ பேசினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முயலும் ஒட்டகச்சிவிங்கியும் மஞ்சள் நாடாவை மிதித்துத் தாண்டி அந்த மேஜைக்குப் போயின.

நாடா அதே இடத்தில்தான் ஒட்டியிருந்தது.

நான் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு அதைக் காட்டினேன். விரலால்தான் காட்டினேன். அவரும் பார்த்தார். பல்லை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல சாப்பாடு அதுதான்.

நான்கு மணிக்கு வெளியே வந்து நெடுஞ்சாலையோரம் நின்றோம். கணவாய் இறங்கப்போகிற லாரிகள் பிரேக்கைச் சோதித்துக்கொண்டு போயின. எங்கள் ஊரில் இப்படியெல்லாம் இல்லை, அரூர் மண்டபத்தில் யார் முதலில் வருகிறாரோ அவருக்குத்தான் முதல் பந்தி என்று எழுதி இந்தக் கட்டுரையை முடிக்க ஆசைப்பட்டேன். பயணம் போய்வந்தவர்கள் சொந்த ஊரை மெச்சி முடிப்பதுதான் வழக்கம். கோமதி பக்கத்தில் நிற்கிறாள், அதனால் முடியவில்லை.

தருமபுரி வண்டியில் யாழினி தூங்கிய பிறகு கோமதி போனில் படத்தைக் காட்டினாள். கரடி சிரிக்கிறது. யாழினி அதன் காதுக்குள் பேசிக்கொண்டிருக்கிறாள். ஓரத்தில் வழுக்கை விழுந்த ஒருவன், கண்ணை இறுக மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு, நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறான். விட்டால் யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள் என்பது அவன் முகத்தில் எழுதியிருக்கிறது.