அப்பாவின் வலது கால்

நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது அப்பாவுக்குச் சுகர் என்று தெரிந்தது. அப்பா போலீஸில் ஏட்டு. குத்துக்கல்வலசையில் வீடு, தென்காசியில் வேலை. அன்று சாயங்காலமே எங்கள் அடுக்களையிலிருந்து சீனி டப்பா வெளியேறிற்று. அதன்பிறகு யாருக்கும் காப்பியில் சீனி கிடையாது. கோயிலில் கொடுக்கும் சர்க்கரைப் பொங்கலை அம்மா அங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டு வருவாள். என் பிறந்தநாளுக்கு முறுக்கு வாங்கித் தந்தார்கள்.

பிராந்தி மட்டும் தொடர்ந்தது. இத்தனை வருஷம் குடித்ததும் சுகர் வர ஒரு காரணம், முதலில் அதை விடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா அந்தப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் அப்பாவிடம் பதில் தயாராக இருந்தது.

"இதுல எங்கட்டி சீனி இருக்கு? பாவக்கா மாதிரி கசக்கத்தான செய்யுது."

நான் அதை நம்பினேன். அம்மா எனக்குக் கொடுத்த மருந்தெல்லாம் கசப்பாகத்தான் இருந்தது.

மறு வருஷம் சாரல் பிடித்ததும் அப்பாவின் சிநேகிதர்கள் சுரண்டையிலிருந்து வேனில் வந்தார்கள். எங்களையும் ஏற்றிக்கொண்டு ஐந்தருவிக்குப் போனார்கள். பக்கத்துத் தோப்பில் ஜமுக்காளம் விரித்து ஆண்கள் உட்கார்ந்தார்கள். அப்பா பிராந்தியில் ஆரஞ்சு சோடாவை ஊற்றிக் குடித்தார். மிச்சச் சோடாவை எனக்குத் தந்தார். அந்தத் தித்திப்பு வீட்டில் கிடைக்காதது. அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

குளித்துவிட்டுத் திரும்பும்போது அப்பா முன்னால் நடந்தார். அவருடைய வலது கால் பட்ட இடமெல்லாம் ஈரத் தரை சிவந்திருந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். சொன்னதும் திரும்பிப் பார்த்தார்.

"எவனாவது குங்குமத்தக் கொட்டிருப்பான்" என்றார்.

அம்மா அவரை உட்காரவைத்துக் காலைத் தூக்கினாள். கட்டைவிரலுக்குக் கீழே பாட்டில் சில்லு ஏறியிருந்தது. அவள் அதைப் பிடித்து இழுக்கும்போது அப்பா தீப்பெட்டி கேட்டுக்கொண்டிருந்தார்.

"வலிக்கலியா அண்ணாச்சி?" என்றார் ஒரு சிநேகிதர்.

"என்னத்த வலிக்கு? எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல."

"போலீஸ் உடம்புல்லா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அம்மா மட்டும் அழுதாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. வலிக்கவில்லை என்று அவரே சொல்கிறார், இவள் எதற்கு அழுது காரியத்தைக் கெடுக்கிறாள்?

"போற வழில ஆஸ்பத்திரில காட்டிட்டுப் போவோம்" என்றாள் அம்மா.

"சும்மா வா. வந்தவங்கள பாதியில விட்டுட்டா போக முடியும்?"

மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு, ஷூவுக்குள் பஞ்சை வைத்து, அப்பா டூட்டிக்குப் போனார். ராத்திரி வழக்கம்போலக் குடித்தார். புண் ஆறவில்லை. ஒருநாள் வீட்டில் எலி செத்த நாற்றம் அடித்தது. நான் கட்டிலுக்கு அடியில் குனிந்து எலியைத் தேடினேன். அம்மா வந்து அப்பாவின் காலுறையைக் கழற்றினாள்.

திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். முதலில் விரலை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அதே சிநேகிதர்கள் ஆப்பிளோடு பார்க்க வந்தார்கள். ஆப்பிளுக்கு அடியில் பாட்டில் இருந்தது. அம்மா சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் டம்ளரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஒரு மத்தியானம் அம்மா கடைக்குப் போயிருந்தாள். அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, வலது பாதத்தக் கொஞ்சம் பிடிச்சு விடு. விரலெல்லாம் முறுக்கிட்டு இழுக்கு. தாங்க முடியல."

போர்வை அந்த இடத்தில் தட்டையாகக் கிடந்தது. அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது. அப்பா அழுது நான் பார்த்ததே இல்லை.

"அங்கன காலே இல்லியேப்பா" என்றேன்.

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தலைமாட்டில் இருந்த டம்ளரை எடுத்துப்போய்க் கழுவி வைத்தேன். குடித்துவிட்டு உளறுகிறார் என்றுதான் நினைத்தேன். வெட்டி எடுத்த கால் நிஜமாகவே வலிக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.