மத்தியானம் ஏறிய தண்ணீர்

மொட்டைமாடித் தொட்டிக்குள் வீட்டுக்கார அண்ணாச்சி ஒரு பெட்டியைப் பொருத்தியபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. எங்களுடையது வளவு வீடு. ஒரே வாசலுக்குள் மூன்று குடும்பம். முன்னால் அண்ணாச்சி, பின்னால் நானும் என் வீட்டுக்காரரும், எங்களுக்கு எதிரே ஒரு அக்காவும் படுக்கையில் கிடக்கும் அவளுடைய மாமியாரும். நகராட்சித் தண்ணீர் வரும் அன்று தொட்டியை நிரப்பிக்கொள்வோம். அடுத்து வரும்வரை முற்றத்துக் குழாயில், காலையில் மட்டும், வீட்டுக்கு இத்தனை குடம் என்று பேச்சு. கோவில்பட்டியில் அடுத்தவர் குடத்தை மனசுக்குள் எண்ணாத ஆள் உண்டா என்ன? நானும் எண்ணுவேன்.

அண்ணாச்சி பலசரக்குக் கடையை ஆட்களிடம் விட்டுவிட்டுப் பொழுது போகாமல் மைக்ரோகண்ட்ரோலரில் இறங்கியிருந்தார். தீப்பெட்டி அகலத்தில் ஒரு பச்சைப் பலகை. நாம் எழுதிக் கொடுக்கும் கட்டளைப்படி அது நடக்கும். அதற்கு அவருடைய போனில் ஒரு ஆப் இருந்தது. எந்த வயரை எங்கே செருக வேண்டும், எந்தக் கட்டளை என்ன செய்யும் என்று எல்லாம் அதில் இருந்தது. மாதிரிக்கு எழுதிய நிரல்களும் உண்டு. விரலால் தொட்டால் நகலெடுத்துக்கொள்ளலாம். விளம்பரம் கிடையாது, நெட்டும் வேண்டாம், எல்லாம் இலவசம். சும்மா கிடைக்கும் எதையும் நான் நம்புவதில்லை. ஆனால் அண்ணாச்சிக்கு அந்த ஆப் சொன்னால் சாமி சொன்ன மாதிரி.

ஒரு காலையில் குடத்தோடு நின்ற என்னிடம், பெட்டி அளந்த தண்ணீர் மட்டம் கோடாக ஓடும் போனை நீட்டினார்.

"சாயந்தரம் இருந்த தண்ணி விடியுததுக்குள்ள நாலு குடம் கொறையுது. தெனமும் கொறையுது. வளவுல மொதல்ல எந்திரிக்கது நீதானம்மா?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "நான் எடுத்ததை நீங்க பாத்தீயளா?"

"நான் எதுக்குப் பாக்கணும்? அதான் பெட்டி பாக்குதுல்லா. இந்த மாசத்தோட வேற வீடு பாத்துக்கிடுங்க."

வீடு மாறுவது பெரிதில்லை. தண்ணீர் திருடி என்ற பெயரோடு மாறினால் இந்த ஊரில் எந்த வளவில் எங்களைச் சேர்ப்பார்கள்? என் வீட்டுக்காரர் அன்று சாப்பிடவே இல்லை. எதிர்த்த வீட்டு அக்கா மட்டும் அடுப்படிக்குள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, நீ எடுப்பியா மாட்டியான்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். அதை முற்றத்தில் வைத்து, அண்ணாச்சி காதில் விழச் சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. அவளும் அவருக்கு வாடகைக்கு இருப்பவள்தானே என்று விட்டுவிட்டேன்.

அதே ஆப்பை என் போனிலும் இறக்கினேன். நான் கணக்கு எழுதுகிற தீப்பெட்டி ஆபீசில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க அதிலேயே கிடந்தேன். கற்றுக்கொள்ளும் ஆசை எல்லாம் இல்லை. போலீஸ்காரன் வீட்டைச் சோதனை போடுவதுபோல ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். அண்ணாச்சி பொருத்திய கருவிக்கு ஒரு பக்கம் இருந்தது. அது தண்ணீரை நோக்கி ஒரு ஒலியை அனுப்பும். எதிரொலி திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்து, ஒலியின் வேகத்தால் பெருக்கி, பாதியாக்கி, தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று சொல்லும். அதற்கான மாதிரி நிரலுக்குக் கீழே, பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: இந்த வேகம் அறை வெப்பநிலைக்கு உரியது, சூடு ஏறினால் ஒலி வேகமாகப் போகும்.

கறுப்புத் தொட்டி, மொட்டைமாடி, சித்திரை வெயில். இதற்குப் பெயர் அறையாம்! உள்ளே காற்று கொதிக்கும்போது எதிரொலி சீக்கிரம் வந்துவிடும், தண்ணீர் மேலே இருப்பதாகப் பெட்டி நினைத்துக்கொள்ளும். விடியற்காலை தொட்டி ஆறியதும் இறங்கிவிட்டதாகச் சொல்லும். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஆனால் நான் படித்துச் சொன்னால் அவர் நம்ப வேண்டுமே. மறுநாள் முற்றத்தில் அக்காவையும் வைத்துக்கொண்டு, "நேத்து முழுநாளும் காட்டுங்க அண்ணாச்சி" என்றேன். கோடு காலையில் இறங்கி, எல்லோரும் பிடித்து முடித்த பிறகு மெல்ல ஏறி, மத்தியானம் உச்சிக்குப் போயிருந்தது.

"நேத்து நகராட்சித் தண்ணி வந்துச்சா?"

"வரலையே."

"அப்ப மத்தியானம் தொட்டில தண்ணி எப்படி ஏறிச்சு? திருடுனவ திரும்பக் கொண்டாந்து ஊத்திட்டுப் போனாளா?"

அண்ணாச்சி அந்த ஏற்றத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். அந்தக் கோடு இறங்கும் இடத்தை மட்டுமே இத்தனை நாளும் அவர் பார்த்திருக்கிறார். பொடி எழுத்தைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றி ஏற்றி வாசித்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. வீடு மாறும் பேச்சை மட்டும் விட்டுவிட்டார். அந்த வாரமே வெப்பம் அளக்கும் கருவி ஒன்றையும் வாங்கிப் பெட்டியோடு சேர்த்தார். "இப்ப பாரும்மா, எப்படி ஒழுங்காப் போவுது" என்று போனில் புதிய கோடு ஒன்றைக் காட்டினார்.

பார்த்தேன். அந்த நாலு குட இறக்கம் மறைந்திருந்தது. முற்பகலில் மட்டும், அண்ணாச்சி கடைப்பக்கம் போய்விடும் நேரத்தில், சின்னதாக ஒரு படி இறங்கியிருந்தது. இரண்டு குடம் இருக்கும். நானும் என் வீட்டுக்காரரும் அந்த நேரத்தில் வேலைக்குப் போயிருப்போம். அண்ணாச்சி அதைக் கவனிக்கவில்லை. கவனித்தும் கவனிக்காததுபோல் இருந்தாரோ, அந்தச் சந்தேகம் எனக்கு இன்றும் உண்டு. "சரியாத்தான் இருக்கு அண்ணாச்சி" என்று போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

சாயந்தரம் அக்கா என்னிடம் வந்தாள். "ஏட்டி, அந்தப் பெட்டிக்கு என்னதெல்லாம் தெரியும்?" என்று மெல்லக் கேட்டாள். அவளுக்குப் பின்னால் கொடியில் அவள் மாமியாரின் படுக்கை விரிப்புகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. தினமும் காய்பவைதான். துவைத்து அலச இரண்டு குடமாவது வேண்டும். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நான் திருடியாக நின்றபோது இவள் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நின்றாளே.

"வெயில் ஏறிட்டா அதுக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. பகல்ல அது காட்டுத எதையும் அண்ணாச்சி நம்ப மாட்டாவ" என்று பொய் சொன்னேன்.

அவள் நேரம் எதுவும் சொல்லாமலே நான் 'பகல்ல' என்றது அவளுக்குப் புரிந்துவிட்டது. பிறகு கொடிப்பக்கம் திரும்பி, இன்னும் காயாத விரிப்புகளை உருவி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

விரிப்புகள் இப்போதும் தினமும் காய்கின்றன. என்னைத் திருடி என்ற அண்ணாச்சி, ஆப்பில் ஏதாவது புரியாவிட்டால் இப்போது என்னைத்தான் கூப்பிடுகிறார். அக்காதான் என் வீட்டுப்படி ஏறுவதில்லை.